95 லட்சம் யாருக்கான வரம்பு?

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, 18 மார்ச் 2024

தேர்தல் தேதி அறிவிச்சாச்சு. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கிய தேர்தல் பத்திரங்கள், அவற்றின் பட்டியலில் அடுத்த பகுதியும் நேற்று வந்துவிட்டது. ஒரே ஒரு லாட்டரி கம்பெனி மட்டும் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருக்கிறது. ஆனால் நம் தொகுதி வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாதாம். இந்த வரம்பு நடைமுறைக்கு ஒத்துவராததால்தானே எல்லாரும் பொய்க்கணக்கு எழுதுகிறார்கள்? பேசாமல் ஐந்து கோடி என்று உயர்த்திவிட்டால் உண்மைக் கணக்கு வருமே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 மார்ச், இரவு

வரம்பை உயர்த்தினாலும் உண்மைக் கணக்கு வராது, காரிமங்கலம் அண்ணா. உயர்த்தி உயர்த்திப் பார்த்தாயிற்று. பெரிய மாநிலங்களில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு 2011இல் 40 லட்சம். 2014இல் 70 லட்சம். கொரோனா நேரத்தில், 2020இல், 77 லட்சம். 2022 ஜனவரியில் 95 லட்சம். பதினோரு வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்.

வரம்பு போதாமல்தான் பொய் எழுதுகிறார்கள் என்றால், எல்லாருடைய கணக்கும் வரம்பை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 2014இல் 70 லட்சம் வரை காட்டலாம். ஜெயித்த எம்.பி.க்கள் காட்டிய சராசரி, அதில் 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. காட்ட இடம் இருந்தும் காட்டவில்லை. அதை யோசித்தால்தான் விஷயம் பிடிபடும்.

என் எண்ணம் இது: தப்பான ஆளுக்கு, தப்பான நாட்களுக்கு வரம்பு போட்டு வைத்திருக்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவுப்படி, வேட்பாளர் ஆன நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைக்கும்தான் கணக்கு. அதற்கு முன்னால் ஆறு மாதம் ஊர் ஊராகக் கொடி ஏற்றியது, கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தது, கபடிப் போட்டிக்குக் கோப்பை வாங்கியது எதுவும் இதில் வராது. அது நாட்களின் ஓட்டை. ஆளின் ஓட்டை அதைவிடப் பெரிது: வேட்பாளருக்குத்தான் வரம்பு, கட்சிக்கு வரம்பே கிடையாது. கட்சி 10 கோடி செலவு செய்தாலும் சரி, 1,000 கோடி செலவு செய்தாலும் சரி, சட்டம் தடுக்காது. மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாளுக்குள் ஆணையத்திடம் கணக்கு கொடுத்தால் போதும்.

19 மார்ச்

அரூர் தம்பி, நீங்கள் கேட்ட பத்திர விவரம். நேற்று முன்தினம் வெளியானபடி திமுகவுக்குப் பத்திரங்கள் மூலம் வந்தது 656.5 கோடி. அதில் 509 கோடி அந்த லாட்டரி நிறுவனம் கொடுத்தது. அதிமுகவுக்கு வந்தது 6.05 கோடி. பாஜகவுக்கு 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் 6,000 கோடிக்கு மேல். ஆளும் இடத்தில் இருப்பவருக்கே பணம் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்று பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபோதே இன்னொன்றையும் ரத்து செய்தது. அதை யாரும் பேசுவதில்லை. முன்பு ஒரு கம்பெனி தன் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். 2017இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கோடிகளைக் கொடுக்கலாம் என்றானது. அதுவும் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. என்னைக் கேட்டால், பத்திரத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

19 மார்ச், சற்று நேரம் கழித்து

கட்சிக்கு வரம்பில்லாதது ஏதோ மறதியில் விட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில், கட்சி செய்கிற செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, கட்சிச் செலவுக்கு விலக்கு கொடுத்து, அந்தத் தீர்ப்பு பலிக்காமல் செய்துவிட்டார்கள். பிற்பாடு 2003இல் இந்த விதிவிலக்கைச் சுருக்கினார்கள். இப்போது மிச்சமிருக்கும் பெரிய விலக்கு, நட்சத்திரப் பேச்சாளர்கள் என்று கட்சி பெயர் கொடுக்கும் தலைவர்களின் பயணச் செலவு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேர் பெயரைக் கொடுக்கலாம், மற்ற பதிவு பெற்ற கட்சிகள் 20 பேர். தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால் அந்த வாடகை வேட்பாளர் தலையில் ஏறாது. ஆனால் மேடையில் வேட்பாளர் நின்றாலோ, அவர் படம் இருந்தாலோ, கூட்டச் செலவில் அவர் பங்கு ஏறும். அதனால் தலைவர் கூட்டம் என்றாலே வேட்பாளரின் கணக்காளருக்கு வயிற்றைக் கலக்கும்.

24 மார்ச்

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். தருமபுரியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் செலவுக் கணக்கு எழுதினேன். யார், எந்தக் கட்சி என்பது வேண்டாம். அப்போது சட்டமன்றத் தொகுதிக்கு வரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம்.

வேட்புமனு கொடுக்கும்போதே ஒரு பதிவேடு தருவார்கள். மூன்று நிறத் தாள். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. மனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னால் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். எல்லாப் பணமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் காசோலையோ ஆன்லைனோதான், ரொக்கம் கூடாது. பிரச்சாரக் காலத்தில் மூன்று தடவை, தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன்னால் பதிவேட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

பார்வையாளர் தரப்பிலும் தனியாக ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். நிழல் பதிவேடு என்று பெயர். வீடியோ குழு எடுத்த படத்தைப் பார்த்து, மாவட்ட நிர்வாகம் போட்ட விலைப்பட்டியலை வைத்து, நாற்காலிக்கு இவ்வளவு, டீக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு, ஜீப்புக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருப்பார்கள். நம் கணக்கும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் நோட்டீஸ் வரும். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது, இவ்வளவு கெடுபிடியா என்று மலைத்துப் போனேன். அந்த மலைப்பு சீக்கிரம் போய்விட்டது. மேசைக்கு வருகிற சீட்டுகளுக்குத்தான் கெடுபிடி. மேசைக்கே வராத பணத்துக்கு எந்த நிறத் தாளும் இல்லை.

25 மார்ச்

எப்படி வராமல் போகிறது என்று கேட்டீர்கள். நாற்காலியை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பாலக்கோடு பக்கம் என் மச்சான் சாமியானா கடை வைத்திருக்கிறார். கூட்டம் நடக்கிற மைதானத்தில் வீடியோ குழு முதலில் எண்ணுவது நாற்காலியைத்தான். கூட்டம் நிறைவதற்கு முன்பே வந்து, காலி நாற்காலிகளை வரிசை வரிசையாகப் படம் எடுப்பார்கள். வரிசைக்கு இத்தனை, மொத்தம் இத்தனை வரிசை என்று பெருக்கிவிட்டால் முடிந்தது. இது தெரிந்ததும் ஏற்பாட்டாளர்கள் என்ன செய்தார்கள்? முன்னால் ஐந்தாறு வரிசை மட்டும் நாற்காலி போட்டுவிட்டு, பின்னால் தார்ப்பாயும் ஜமக்காளமும் விரித்துவிட்டார்கள். பெண்களையும் பெரியவர்களையும் தரையில் உட்கார வைத்தார்கள். வீடியோ குழு போன பிறகு மினி லாரியில் மிச்ச நாற்காலி வந்து இறங்கியதும் உண்டு.

மச்சானிடம் இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று கடை பெயர் அச்சடித்த பில். விலைப்பட்டியலில் உள்ள விலைக்கு, எண்ணப்பட்ட நாற்காலிக்கு மட்டும். அது என் வெள்ளைத் தாளுக்கு வரும். இன்னொன்று, சிகரெட் அட்டையைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலில் எழுதியது. நிஜத் தொகை அதில்தான் இருக்கும். அந்தத் தொகையைக் கொடுப்பது வேட்பாளர் இல்லை, கட்சியின் ஒன்றிய அளவு நிர்வாகி ஒருவர். அந்த ஒன்றியத்துக்காரர் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்பதுதான் உண்மையான கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன்.

28 மார்ச்

இன்று வேட்புமனு பரிசீலனை. இடைவெளியில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

தருமபுரி மக்களவைத் தொகுதியில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், அப்புறம் சேலம் மாவட்டத்து மேட்டூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒன்றுக்கு 250 வாக்குச்சாவடி என்று குறைத்தே வைத்தாலும் 1,500. 95 லட்சத்தை 1,500ஆல் வகுத்தால் ஒரு பூத்துக்கு 6,333 ரூபாய். நோட்டீஸ், வண்டி, மைக், மேடை, விளம்பரம், பூத் நாள் செலவு எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்.

பூத் நாளை மட்டும் பாருங்கள். உள்ளே ஏஜென்ட், மாற்றி விட ஒருவர். 200 மீட்டருக்கு வெளியே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அங்கே இரண்டு பேர். காலை டிபன், இரண்டு வேளை டீ, மதியச் சாப்பாடு, பெட்ரோல், ஆளுக்குக் கொஞ்சம் பேட்டா. ரொம்பச் சிக்கனமாக 2,500 ரூபாய் என்று வையுங்கள். 1,500 பூத்துக்கு 37 லட்சத்து 50 ஆயிரம். வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரே நாளில் போய்விடும். ஆனால் கணக்குகளில் இந்த இனத்தில் காட்டுவது சொற்பம். ஏஜென்ட்டுகள் கட்சிப் பற்றால் சும்மா உட்கார்ந்தார்கள் என்று பொருள். சிலர் உண்மையாகவே அப்படி உட்காருகிறார்கள். அவர்களைக் கும்பிடத் தோன்றும். எல்லா பூத்திலும் அப்படி இல்லை என்பது பூத்தில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும்.

காரிமங்கலம் அண்ணா உடனே "பார்த்தீர்களா, வரம்பு சின்னது" என்பார். சின்னதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பெரிதாக்கினாலும் ஒன்றியத்துக்காரரின் பென்சில் சீட்டு கணக்குக்குள் வராது என்கிறேன்.

28 மார்ச், இரவு

பென்னாகரம் நண்பர் சொன்னதும் சரி. எல்லா பூத்தும் ஒன்றல்ல. கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தையே கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டு போகிறார்கள். அங்கே பிரச்சார வண்டி ஏறாது, வேட்பாளரும் பெரும்பாலும் ஏற மாட்டார். செலவும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. சாலை கேட்டு அந்த மக்கள் எத்தனை தேர்தலைப் பார்த்துவிட்டார்கள்.

2 ஏப்ரல்

தேர்தல் நேரத்தில் வழியில் நிறுத்திப் பணத்தைச் சோதிக்கும் பறக்கும் படை, சந்தைக்குப் போகிறவர்களின் பணத்தை எடுத்துக்கொள்வது பற்றி ஊத்தங்கரை அக்கா எழுதியதைப் படித்து மனசு கனத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு ஆடு வாங்க வருகிறவர் கையில் 60,000, 70,000 இருப்பது சாதாரணம். ஆட்டுச் சந்தையில் யாரும் பில் போடுவதில்லை. 50,000க்கு மேல் ஆவணம் இல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். இராயக்கோட்டை தக்காளி வியாபாரிக்கும், மாந்தோப்புக் குத்தகைக்கு முன்பணம் கொண்டு போகிறவருக்கும் இதே கதை. தேர்தல் எப்போதும் நம் மா சீசன் தொடங்குகிற நேரத்தில்தான் வந்து நிற்கிறது.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரின் பணம் முந்தைய தேர்தலில் போனது. அவரோடு நானும் அலைந்ததால் சில விஷயம் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பணத்தை எடுக்கும்போது ரசீது கட்டாயம் வாங்குங்கள். எங்கே முறையிடுவது என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இருக்கிறது. மாவட்டக் கருவூல அதிகாரியும் அதில் ஒருவர். வழக்கு எதுவும் பதிவாகவில்லை, வேட்பாளரோடும் கட்சியோடும் தொடர்பில்லை என்றால் அந்தக் குழு பணத்தை விடுவிக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வங்கியில் எடுத்ததற்கான சீட்டு, மண்டி ரசீது, குத்தகைப் பத்திரத்தின் நகல், எதுவானாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்குப் போய்விடும், அது வேறு வழி.

பறக்கும் படையில் இருப்பவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தாசில்தார் அலுவலகத்து ஊழியரும் இரண்டு போலீஸ்காரரும் எட்டு எட்டு மணி நேர ஷிப்டில் வெயிலில் நிற்கிறார்கள். வாக்காளருக்குக் கொடுக்கும் பட்டுவாடாப் பணம் நெடுஞ்சாலையில் மூட்டையாக வருவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே அது ஊருக்குள் வந்து, நம்பிக்கையான வீடுகளில் படுத்துக்கொள்கிறது.

3 ஏப்ரல்

அப்படியானால் பிடிபடவே பிடிபடாதா என்றால், பிடிபட்டிருக்கிறது. பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றன. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலை வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்து செய்தார்கள். தேர்தலை நிறுத்துகிறார்கள், பிறகு மறுபடி நடத்துகிறார்கள், அவ்வளவுதான். அதற்கான செலவு நம் வரிப்பணம்.

9 ஏப்ரல்

சுயேச்சைகள் ஏன் இவ்வளவு பேர் என்று ஒரு தம்பி கேட்டார். மக்களவைக்கு முன்பணம் 25,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் முன்பணம் போச்சு. போகும் என்று தெரிந்தே நிற்பவர்களில் உண்மையான ஆர்வத்தோடு நிற்பவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். இன்னொரு வகை, டம்மி வேட்பாளர், அதாவது நிஜ வேட்பாளர் தன் வசதிக்காக நிறுத்துகிறவர். அவர் பெயரில் வாகன அனுமதி கிடைக்கும், ஒவ்வொரு பூத்திலும் ஒரு ஏஜென்ட் இடம் கிடைக்கும். முக்கியமாக, அவருக்கும் தனியாக 95 லட்சம் வரம்பு கிடைக்கும். டம்மியின் வண்டியில் நிஜ வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டது நிரூபணமானால் செலவு நிஜ வேட்பாளர் கணக்கில் ஏறும் என்பது விதி. நிரூபிக்க வீடியோ குழு அந்தத் தெருவில், அந்த நேரத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு பழைய சட்டத்தையும் பாருங்கள். வேட்பாளர் எழுத்துமூலம் அனுமதிக்காமல் அவருக்காக வேறொருவர் கூட்டம் போட்டாலோ விளம்பரம் செய்தாலோ அது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டம் 171எச். தண்டனை? 500 ரூபாய் வரை அபராதம். ஒரு கூட்டத்தின் டீ செலவுக்குக்கூடக் காணாது.

9 ஏப்ரல், இரவு

பேச்சு கொஞ்சம் திசை மாறினாலும் சொல்ல வேண்டியது. இந்த இரண்டு வாரமாகத் தோட்டத்து வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. தக்காளி பறிக்க ஆள் கூட்டிவரும் அதே மேஸ்திரிதான் கூட்டத்துக்கும் ஆள் கூட்டிப் போகிறார். தலைக்கு இவ்வளவு, சாப்பாடு, டாடா ஏஸில் போக வர. நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி. நடவுக்கும் பறிப்புக்கும் குனிந்து குனிந்து முதுகு ஒடிந்த பெண்கள் இதை ஏன் வேண்டாம் என்பார்கள்? அவர்களைக் கேவலமாகப் பேசி இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. 40 டிகிரி வெயிலில் தார்ப்பாயில் உட்காருவதும் உழைப்புதான்.

14 ஏப்ரல், சித்திரை முதல் நாள்

ஆரத்தித் தட்டு. வேட்பாளர் தெருவுக்குள் வந்ததும் பெண்கள் வரிசையாகத் தட்டோடு நிற்பது, கூட வருகிறவர் தட்டில் நோட்டு வைப்பது. இதைப் பட்டுவாடாவுக்கான ஒத்திகை என்று ஓசூர் நண்பர் எழுதினார். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். எந்தத் தெருவில் எத்தனை வீடு நம் பக்கம், யார் ஆள் திரட்டுகிறார்கள் என்று கட்சிக்காரர்கள் கணக்கெடுப்பது இங்கேதான். வார்டு பொறுப்பாளர் நோட்டில் பெயர் குறிக்கிறார். பிற்பாடு வாக்காளர் பட்டியலின் பாக வாரியாகப் பணக் கவர் போகும்போது அந்தப் பெயர்தான் பயன்படும். கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளிகள் என்று சட்டம் சொல்கிறது, ஒரு வருஷம் வரை சிறை. என் அனுபவத்தில் வாங்கியவர் பெயர்தான் ஊருக்குத் தெரியும். கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

"பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடும் மக்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இரண்டு பக்கமும் வாங்கினார். எதற்குப் போடுவீர்கள் என்றதற்கு, "அவங்கவங்க காசு அவங்கவங்க பாவம், என் ஓட்டு என் இஷ்டம்" என்றார். பணம் கொடுத்த எல்லாரும் ஜெயிப்பதில்லை என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. கொடுக்காமல் இருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை, அதுதான் நிலவரம். எதிராளி கொடுத்துவிடுவான் என்ற பயத்தில் போகிற பணம் இது.

16 ஏப்ரல்

நாளை மாலை 6 மணியோடு பிரச்சாரம் முடிகிறது. தனியாக எழுதுகிறேன் என்று சொன்னதை இன்றே எழுதிவிடுகிறேன்.

மேலிருந்து பணம் வரும், ஆனால் முழுசாக வராது, நேரத்துக்கும் வராது. கிளைச் செயலாளர் முன்கூட்டியே செலவு செய்துவிட வேண்டும். கொடி, தோரணம், வண்டி டீசல், பையன்களுக்குச் சாப்பாடு, வந்து இறங்குகிற வெளியூர் நிர்வாகிக்கு அறை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒன்றியம் சொல்லும். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும், அல்லது கந்துவட்டி. எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மனுஷன், மனைவியின் நாலு பவுன் செயினை ஒரு தேர்தலில் வைத்தார். அவர் கட்சி ஜெயித்தது. செயின் திரும்ப வரவில்லை, அதற்குப் பதில் ஊராட்சியில் ஒரு சாக்கடை வேலை காண்ட்ராக்ட் வந்தது. நாலு பவுனை அந்தச் சாக்கடையில்தான் எடுத்தாக வேண்டும். சிமெண்ட் எவ்வளவு போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? முதல் மழைக்கே உடைந்தது. அது என் வீட்டு வழியாகப் போகிற சாக்கடை.

மேல் மட்டத்திலும் இதேதான், தொகை பெரிது. அனுமதி யாருக்கு வேண்டுமோ அவரிடம்தான் வசூல். பத்திரப் பட்டியலில் டெல்லி வரைக்கும் பார்த்தோம். நம் ஊர்ப் பட்டியல் எந்த வங்கியிலும் இல்லை.

தோற்றால் இன்னும் மோசம். மச்சானுக்கு ஒரு தேர்தல் பாக்கி இன்றுவரை வரவில்லை. பென்சில் சீட்டை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது? மைக் செட்காரர், பந்தல்காரர், ஃப்ளெக்ஸ் கடைக்காரர், சமையல்காரர் எல்லாரும் ஒரு தேர்தல் பாக்கியையாவது நெஞ்சில் வைத்திருப்பார்கள். கணக்கு நேர்மையாக இருந்தால் முதலில் பிழைப்பது இவர்கள்தான். அச்சடித்த பில் இருந்தால் வசூலிக்க வழி உண்டு.

16 ஏப்ரல், பின்னிரவு

பென்னாகரம் 2010 இடைத்தேர்தலை ஒருவர் நினைவுபடுத்தினார். முந்தைய வருஷம் திருமங்கலம் இடைத்தேர்தலில் பணம் புகுந்து விளையாடியதைத் தமிழ்நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். அந்த மார்ச் மாதம் பென்னாகரத்தில் வாடகைக்கு ஒரு அறை கிடைக்காது. எங்கள் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணைக்குக்கூட வாடகை வந்தது. ஊருக்கு ஊர் வெளி மாவட்டத்து நிர்வாகிகள். திமுக ஜெயித்தது, பாமக இரண்டாமிடம், அதிமுகவுக்கு முன்பணம் போனது. வந்து தங்கிய அந்த ஆயிரக்கணக்கானவர்களின் சாப்பாட்டுச் செலவு எந்த வேட்பாளர் கணக்கில் ஏறியிருக்கும்?

20 ஏப்ரல்

நேற்று தருமபுரியில் வாக்குப்பதிவு 81 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டிலேயே முதலிடம். மத்திய சென்னை 54 சதவீதத்தைத் தாண்டவில்லை.

காசு வாங்கியதால்தான் இவ்வளவு கூட்டம் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவார்கள், பாருங்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்களும் திருப்பூர் போனவர்களும் வியாழன் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். சிலருக்குக் கட்சி வேன் வந்திருக்கும். வாக்காளரை வாக்குச்சாவடிக்கு இலவசமாக வண்டியில் ஏற்றிப் போவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவின்படி முறைகேடு, வெற்றியையே ரத்து செய்யலாம். ஆனால் என் பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தான். அவன் செலவு 1,400 ரூபாய். அதையும் தேர்தல் செலவு என்று யாராவது எழுத வேண்டாமா?

ஓசூர் நண்பருக்கு: கர்நாடகாவில் 26ஆம் தேதியும் மே 7ஆம் தேதியும் வாக்குப்பதிவு இருப்பதால் எல்லையில் சோதனை தொடரும். பூ லோடு கொண்டு போகிறவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

5 ஜூன்

தருமபுரியில் திமுகவின் ஆ.மணி, பாமகவின் சௌமியா அன்புமணியைவிட 21,300 வாக்கு அதிகம். கிருஷ்ணகிரியில் காங்கிரஸின் கோபிநாத். ஜெயித்ததும் தோற்றதும் இருக்கட்டும். நேற்றோடு கணக்கு நாள் முடிந்தது. இனி 30 நாளுக்குள், அதாவது ஜூலை 4க்குள், ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதே சட்டத்தின் 10ஏ பிரிவின்படி மூன்று வருஷம் தகுதி நீக்கம். அப்படித் தகுதி இழப்பவர்களில் பெரும்பாலானோர் கணக்கே கொடுக்காத சுயேச்சைகள். பொய்க்கணக்கு காட்டிப் பதவியில் இருந்தவர் சிக்கியது அபூர்வம். 2011இல் உத்தரப் பிரதேசத்தின் உம்லேஷ் யாதவ், பத்திரிகையில் காசு கொடுத்துச் செய்தி போட்டதைக் கணக்கில் காட்டாததால் எம்.எல்.ஏ. பதவியை இழந்தார். பதவியில் இருப்பவருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

11 ஜூன்

கட்சிக்கு வரம்பு போட்டால் ஒழுங்காகிவிடுமா என்று அண்ணா கேட்கிறார். உடனே ஆகாது. ஆனால் இப்போது இருப்பதைப் பாருங்கள். 2019இல் திமுக தன் செலவுக் கணக்கில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி கொடுத்ததாகக் காட்டியது. இரண்டு கட்சிகளும் இங்கே தலைக்கு இரண்டு தொகுதியில் நின்றன. இரண்டு தொகுதிக்கும் சேர்த்து வேட்பாளர் வரம்பு 1 கோடியே 40 லட்சம். வங்கி வழியாக, வெளிப்படையாகக் காட்டிய பணம். எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டத்தை மீறாமலே இவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் நான் மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரசே செலவை ஏற்கலாம் என்று 1998இல் இந்திரஜித் குப்தா குழு சொன்னது. பணமாக வேண்டாம், பொருளாகக் கொடுக்கலாம் என்றது. எனக்கு அதில் பாதி சம்மதம். பூத் மேசையும் சாப்பாடும் எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி அரசு கொடுத்தால், 28 மார்ச் அன்று போட்ட கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடும், கிளைச் செயலாளர் வீட்டு நகையும் தப்பும். மீதிக்குக் கட்சி வரம்பு வேண்டும். வரம்பு நாளும் மனுத் தாக்கலிலிருந்து தொடங்காமல், வருஷம் முழுக்க ஓட வேண்டும்.

6 ஜூலை

ஏப்ரல் 9இல் எழுதிய 500 ரூபாய் அபராதம் இப்போது மாறிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரை. கணக்கு வைக்காததற்கு 5,000 வரை.

நேற்று முன்தினம் கெடு முடிந்தது. வேட்பாளர் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்வைக் கட்டணம் ஒரு ரூபாய்தான். நகலுக்குத் தனிக் கட்டணம். திங்கட்கிழமை நான் ஆட்சியர் அலுவலகம் போகிறேன். ஊத்தங்கரை அக்கா, கிருஷ்ணகிரி கணக்கை நீங்கள் பார்க்க முடிந்தால் நல்லது. கணக்கின் பின்னால் அட்டவணைகள் இருக்கும். இரண்டாம் அட்டவணை நட்சத்திரப் பேச்சாளர் கூட்டம், ஐந்தாவது வாகனம், ஆறாவது பூத் ஏஜென்ட்டும் பூத் மேசையும், எட்டாவது கட்சி கொடுத்த பணம். முதலில் ஆறாவதை எடுங்கள். மொத்தத் தொகையை உங்கள் தொகுதி வாக்குச்சாவடி எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பூத்துக்கு எவ்வளவு வருகிறது என்று மட்டும் இங்கே எழுதுங்கள். அப்புறம் எட்டாவதைப் பார்ப்போம்.